ஒரு சொல்லுக்கு ஒரு மேஜை

பிரெஞ்சு மொழியில் ஒரே வினைச்சொல்லுக்கு இரண்டு, மூன்று, சில சமயம் இருபது பொருள்கூட உண்டு என்ற சங்கதி எப்படியோ அரசாங்கத்தின் காதுக்கு எட்டிவிட்டது. அந்த மொழியைப் பேசுகிற கோடிக்கணக்கான பேர் இதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. காலையில் எழுந்து 'ப்ராந்த்ர்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குளிக்கிறார்கள், காபி குடிக்கிறார்கள், பஸ்ஸையும் பிடிக்கிறார்கள். ஒருவரும் காபியில் குளித்ததாகவோ பஸ்ஸைக் குடித்ததாகவோ இதுவரை தகவல் இல்லை. ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருந்தால் அது கவலைப்படத்தானே வேண்டும்! ஆகவே 'பிரெஞ்சு வினைச்சொற் பொருள் வரையறை ஆணையம்' உண்டாயிற்று. நான்கு மாடி, நாற்பத்தாறு பிரிவு, இரண்டு லிஃப்ட். அதில் ஒன்று ஏறும், இறங்காது.

ஆணையத்தின் கொள்கை எளிமையானது. ஒரு பொருளுக்கு ஒரு மேஜை. அந்த மேஜையில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சொல்லின் மற்றப் பொருள்கள் தெரியக் கூடாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. 'போர்த்தே' என்றால் சுமத்தல் என்று சொல்கிறவர் இரண்டாவது மாடியிலும், அதே சொல்லுக்கு உடுத்தல் என்று சொல்கிறவர் மூன்றாவது மாடியிலும் இருந்தார்கள். இருவரும் சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். ஃபேர் என்ற வினைக்கு மட்டும் பின்பக்கம் தனிக் கட்டடம். அது பதினோரு ஆண்டுகளாக முடியாமல் கிடந்தது, ஏனென்றால் புதிது புதிதாகப் பொருள் கண்டுபிடித்து அறை கூட்டிக்கொண்டே போனார்கள்.

இந்த ஆணையக் கட்டடத்துக்குள் ஒரு திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவன் கையில் ஒரு காகிதத்தோடு நுழைந்தான்.

அவனுடைய மனைவி கடல் கடந்த ஓர் ஊரில் முதியோர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள். பிரெஞ்சு பேசுகிற ஊர். போன விடுமுறைக்கு வந்து போனவள் இப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ரத்த அழுத்தம் எகிறிவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டார். கூட ஆள் இல்லை. கணவன் வந்து சேர்வதற்காக டாக்டரே நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, பயண அனுமதி அலுவலகத்தில் கொடுத்தால் ஒரே வாரத்தில் விமானம் ஏறிவிடலாம். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஏழு வாரம் என்பது நல்ல அவகாசம் என்று அந்த அப்பாவி நினைத்தான்.

மொழிபெயர்ப்பு அலுவலகம் தன் பங்கை அன்றைக்கே முடித்துவிட்டது. பெயர்ச்சொல், உரிச்சொல், காற்புள்ளி, எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திவிட்டது. பல பொருள் உள்ள வினைச்சொற்களைத் தொடும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு இல்லை. ஆகவே அவன் கையில் இருந்த காகிதம் இப்படி இருந்தது:

"இந்தப் பெண் ஒரு குழந்தையை ………. ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதால் பிரசவம் வரை படுக்கையை ………. வேண்டும். இவளுடைய கவனிப்பைக் கணவர் ………. வேண்டும். விரைவில்."

வாசலில் விசாரணை மேஜை. அதில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்து, கிழிந்த கோப்பு ஒன்றின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தார். காலை முதல் மாலை வரை அவருக்கு இதே வேலை என்பதால் காத்திருந்தவர்கள் அவருக்குப் பசைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அசல் கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"மூணு வினை. மூணும் பலபொருள். வாரத்துக்கு ஒரு பொருள்தான் சார் ஒரு ஆளுக்கு."

"சார், இதுல ஒண்ணும் சிக்கல் இல்ல. மொத வார்த்தை அத்தாந்த்ர். குழந்தையை எதிர்பார்க்கிறாள்னு..."

பசைக்காரர் சட்டென்று கையைத் தூக்கி அவன் வாயை அடைத்தார். பசைக் கை. "பொது இடத்துல பொருள் சொல்லாதீங்க சார். சுத்திலும் அதிகாரிங்க இருக்காங்க."

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு டோக்கனை வாங்கிக்கொண்டான்.

காத்திருப்புக் கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். அவனுக்கு இடம் கொடுத்தவள் ஒரு தையல்கார அக்கா. மடியில் துணியை விரித்துப் பித்தான் தைத்துக்கொண்டே பேசினாள்.

"புதுசா தம்பி? என்ன வினை?"

"அத்தாந்த்ர், கார்தே, ப்ராந்த்ர்."

"ஐயோ, ப்ராந்த்ரா! அது ஒரு மாடி முழுக்க இருக்கு. எனக்கு லூயே. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன்கூட கடை வாடகை ஒப்பந்தம். அந்தச் சொல்லுக்கு வாடகைக்கு விடுறதும் அதேதான், வாடகைக்கு எடுக்கிறதும் அதேதானாம். எட்டு மாசமா வர்றேன். கடை என்னோடதா அவனோடதான்னு இன்னும் முடிவாகலை."

"கடை யாரோடது?"

"என்னோடதுதான். அதான் எல்லாருக்கும் தெரியுமே. தெரியுறதுக்கா இங்க வர்றோம்?"

முதல் வாரம் அத்தாந்த்ர். மேஜையில் பருத்த அதிகாரி ஒருவர். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். பாதி பிஸ்கட் கோப்பையின் அடியில் கூழாகக் கிடந்தது. அதை விரலால் வழித்து நக்கிவிட்டு அதே விரலால் காகிதத்தைப் புரட்டினார்.

"என்கிட்ட இருக்கிறது 'காத்திருத்தல்'. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது, மழை நிக்கக் காத்திருக்கிறது. போட்டுரலாம். குழந்தை எந்த ஊர்லேருந்து வருது?"

"சார், அது வயித்துல இருக்கு."

"தெரியுது ஐயா. நானும் மூணு பெத்தவன். உங்க மனைவி மாசமா இருக்காங்க, நல்லபடியா பெத்தெடுக்கட்டும். இது நான் மனுஷனா சொல்றது. ஆனா என் மேஜைக்கு அது தெரியாதே! இந்தப் படிவத்துல, வரவேண்டியவர் பெயர், புறப்பட்ட இடம், வாகனம், தாமதத்துக்குக் காரணம்னு நாலு கட்டம் இருக்கு. அதை நிரப்பணும்."

"குழந்தை எதிர்பார்க்கிற பொருளுக்கு வேற மேஜை இல்லையா?"

"இருக்கு. மேஜை இருக்கு, ஆள் இல்லை. ஆள் போட நேர்முகத் தேர்வு நடத்தணும். தேர்வு நடத்துறதுக்கு அந்தப் பொருள் தெரிஞ்ச ஆள் வேணும்." அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஓட்டை எதுவுமில்லாத பானையைத் தட்டிக் காட்டும் வியாபாரியின் பெருமை.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் நிரப்பினான். பெயர்: இன்னும் இல்லை. புறப்பட்ட இடம்: தாய். வாகனம்: தாய். தாமதத்துக்குக் காரணம்: தாமதம் இல்லை. அதிகாரி படித்துப் பார்த்து, தாமதமே இல்லையென்றால் காத்திருத்தல் எப்படி வரும் என்று கேட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது வாரமும் அதிலேயே போயிற்று.

ஒரு சாயங்காலம் தன் ரிப்பேர் கடையில் ஒரு பழைய ஃபிரிட்ஜின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தான். ஒன்றரை வருடமாக இது அவர்கள் வழக்கம். அவள் அங்கே கற்றுக்கொண்டதை இங்கே அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவன் ஸ்குரூ கழற்றிக்கொண்டே திரும்பச் சொல்வான். இப்போது அவளைவிடவே நன்றாகப் பேசுகிறான் என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமை.

"யோவ் மெக்கானிக்கு, என்னய்யா ஆச்சு?"

"நம்ம புள்ள எந்த பஸ்ஸுல வருதுன்னு கேக்குறாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கக்கூடாது, அழுத்தம் ஏறும் என்று பக்கத்தில் யாரோ பிரெஞ்சில் அதட்டியது அவனுக்குக் கேட்டது.

மூன்றாவது வாரம் கார்தே. அந்தப் பிரிவில் இருந்த அம்மாளிடம் 'காவல் காத்தல்' மட்டும் இருந்தது. படுக்கையை விட்டு எழாமல் இருக்க வேண்டும் என்பதுதான் டாக்டர் சொன்னது என்பதை அந்த அம்மாளும் மறுக்கவில்லை. அவருடைய சொந்தத் தங்கையே அப்படி மூன்று மாதம் படுத்துக் கிடந்தவளாம். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காவல் காக்கப்பட வேண்டிய படுக்கையின் நீளம், அகலம், எடை, அதற்கு இதற்குமுன் ஏதாவது அச்சுறுத்தல் வந்ததா என்ற விவரம், மூன்றையும் எழுதி வரச் சொன்னார்.

அன்று போனில் மனைவி சிரிக்கவில்லை.

"படுக்கையை அளக்கணும்னா நான் எந்திரிக்கணும். எந்திரிக்கக் கூடாதுன்னுதானே கடுதாசியே குடுத்தாங்க?" என்றாள். பிறகு, "கால் ரெண்டும் வீங்கிப்போச்சுங்க. தண்ணி மோந்து குடிக்கக்கூட யாரையாச்சும் கூப்பிட வேண்டியிருக்கு. வந்துருவீங்கல்ல?" என்றாள். பயந்தால் மட்டும்தான் அவள் 'ங்க' போடுவாள்.

அவன் வந்துவிடுவேன் என்றான். போனை வைத்துவிட்டுத் தன் கட்டிலை அளந்து எழுதிக்கொண்டு போனான். கட்டில் அளவு ஏற்கப்பட்டது, ஆனால் அதைச் சரிபார்க்கும் களப்பணியாளர் கடல் கடந்து போவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். அந்த அனுமதிக்கான விண்ணப்பத்தில் 'போதல்' என்ற வினை இருந்தது. அதற்கும் பல பொருள்.

நான்காவது வாரம் ஆணையத்தின் ஆண்டு விழா வந்தது. கதவுகளைச் சாத்திவிட்டு, காத்திருந்த எல்லாரையும் கூட்டத்துக்கு உட்காரவைத்துவிட்டார்கள். தலைவர் பேசினார். குண்டு மனிதர். பேசும்போது வாயோரத்தில் வெள்ளையாக நுரை சேரும். அதைத் துடைக்க மாட்டார்.

"என்னிடம் பலபேர் கேட்கிறார்கள், தலைவர் அவர்களே, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று. பெருமையோடு சொல்கிறேன், ஒரு சொல்கூடத் தெரியாது! தெரிந்திருந்தால் இந்தப் பதவிக்கு நான் தகுதியற்றவன். ஒரு மொழியைக் கற்றுக்கொண்டவன் அதற்குச் சாய்ந்துவிடுகிறான். இது இதைத்தான் குறிக்கிறது என்று அவனே முடிவுகட்டிவிடுகிறான். பிறகு ஆணையம் எதற்கு? நீங்கள் எதற்கு? இங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் யார்? எங்கள் தேவையின் உயிருள்ள ஆதாரம்! சென்ற ஆண்டு எண்பது பேர் காத்திருந்தார்கள். இந்த ஆண்டு நானூறு பேர். இது வளர்ச்சி இல்லையென்றால் வேறெது வளர்ச்சி?"

அதிகாரிகள் கைதட்டினார்கள். காத்திருந்தவர்களும் தட்டினார்கள். தையல்கார அக்காவும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டினாள். "தட்டிரு தம்பி. தட்டாதவங்க டோக்கன் காணாமப் போயிருது" என்றாள். மெக்கானிக்கும் தட்டினான். தன் கைகளை அவனுக்கே பிடிக்கவில்லை.

விழா முடிந்த கையோடு பசைக்காரர் அவனைத் தேடி வந்தார். "நீங்க ஃபிரிட்ஜ் வேலைதானே சார்? தலைவர் அறையில ஒண்ணு ஓடலை. வாங்க."

இதற்குப் படிவம் இல்லை, டோக்கன் இல்லை, வாரக் கணக்கு இல்லை. கதவு திறந்தது, உள்ளே விட்டார்கள். ஃபிரிட்ஜைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் அவன் இரண்டடி பின்னால் போய்விட்டான். பதினைந்து வருடத்தில் எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜ் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பச்சை பூத்த ரொட்டி, திரிந்து பிரிந்த பால், அடியில் ஏதோ கறுப்பாக வழிந்து இறுகிப்போன திரவம். நடுத்தட்டில், இவற்றுக்கு மத்தியில், முத்திரை மை டப்பாக்கள் வரிசையாக இருந்தன. குளிர்ச்சியில் வைத்தால் மை காயாதாம். ஊர்ப்பட்ட சனத்தின் காகிதங்களில் விழுகிற முத்திரை இந்தக் குழியிலிருந்துதான் வருகிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மூக்கைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் வேலையை முடித்தான். எரிந்துபோன ரிலேயை மாற்றியதும் மோட்டார் உறுமியது. தலைவர் மகிழ்ந்துபோனார்.

"ஆகா! வந்தீங்க, பாத்தீங்க, சரி பண்ணீங்க. உங்க தொழில்ல எவ்வளவு சுலபம் பாருங்க! சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்வியை நம்பியதுதான் மெக்கானிக் செய்த தப்பு. அவன் மனசைத் திறந்துவிட்டான். "ஐயா, எனக்குப் பிரெஞ்சு தெரியும். என் மனைவி சொல்லிக்கொடுத்தா. அந்தக் கடுதாசியில இருக்கிற மூணு வார்த்தைக்கும் அர்த்தம் எனக்குத் தெரியும். குழந்தையை எதிர்பார்க்கிறா, படுக்கையை விட்டு எழக்கூடாது, நான் அவளைக் கவனிச்சுக்கணும். இவ்வளவுதான். வேணும்னா என்னைச் சோதிச்சுப் பாருங்க."

தலைவரின் முகம் ஃபிரிட்ஜில் இருந்த பால்போல் ஆகிவிட்டது. மணியை அடித்தார். மூன்று அதிகாரிகள் ஓடி வந்தார்கள்.

"இவருக்கு அனுமதி இல்லாம அர்த்தம் தெரியுதாம்! அதுவும் ரெண்டாம் பொருள்!"

ஐந்தாவது வாரமும் ஆறாவது வாரமும் அவன் மீதான முதற்கட்ட விசாரணையில் போயின. அப்ராந்த்ர் என்ற வினைக்குக் கற்றல் என்றும் கற்பித்தல் என்றும் இரு பொருள் உண்டு. கற்றல் மேஜைக்காரர், இவர் கற்றது உண்மை என்று எழுதிவிட்டார். கற்பித்தல் மேஜைக்காரர், இவருக்கு யாரும் கற்பிக்கவில்லை என்று எழுதிவிட்டார், ஏனென்றால் அவரிடம் பதிவு இல்லை. இரண்டு அறிக்கையும் ஒரே கோப்பில் சேர்க்கப்பட்டன. யாருக்கும் உறுத்தவில்லை. ஏழாவது வாரம் புதன்கிழமை மூவர் அடங்கிய அமர்வு கூடி இறுதி முடிவெடுக்கும் என்றார்கள். தண்டனை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, மூன்று இடங்களையும் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்ற நிலைக்கு அவன் வந்திருந்தான்.

அமர்வு அறையில் நீள மேஜை. தலைவர் நடுவில், இந்தப் பக்கம் பிஸ்கட் அதிகாரி, அந்தப் பக்கம் படுக்கை அம்மாள். ஆள் பற்றாக்குறை என்பதால் குறிப்பெடுக்கப் பசைக்காரரை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "உங்கள் மீதான குற்றச்சாட்டு..."

மெக்கானிக்கின் சட்டைப்பையில் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண். எடுத்தான்.

"போனை வைங்க!" என்றார் தலைவர்.

அவன் வைக்கவில்லை. மறுமுனையில் ஒரு பெண் மூச்சுவாங்கப் பிரெஞ்சில் பேசினாள். அவள் அவசரப் பிரிவு நர்ஸ். மனைவிக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவளுடைய பழைய குறிப்புகள் இங்கே இல்லை. நினைவு தெளியவில்லை. உடனே அறுவை செய்தாக வேண்டும். கையில் ஒரு பட்டையில் 'ஊசி ஆகாது' என்று எழுதியிருக்கிறது, எந்த ஊசி என்பது அழிந்துபோயிருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?

அவனுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது அவன்தான் பக்கத்தில் இருந்தான். அவன் எழுந்து நின்றான். சொற்கள் வரிசையாக வந்தன. பென்சிலின் ஊசி போட்டார்கள், பத்து நிமிடம் போகவில்லை, தொண்டை வீங்கிவிட்டது, வாந்தி எடுத்தாள், நினைவு இழந்தாள், மூச்சு எடுக்க முடியவில்லை, வேறு மருந்து கொடுத்துத் தேற்றி, நாலு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அவள் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள், இது முதல் குழந்தை, அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். நர்ஸ் இரண்டு கேள்வி கேட்டாள். பதில் சொன்னான். அவள் மருந்தின் பெயரைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்துகொண்டு, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

பசைக்காரரின் பேனா இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது.

"இது என்ன ஆபீஸா, சந்தையா?" என்றார் தலைவர். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

அவன் கூடத்துக்கு வந்து தையல்கார அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்ல முடிந்ததைச் சொன்னான். அவள் தைப்பதை நிறுத்திவிட்டு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கோப்பைகள் உரசும் சத்தமும் யாரோ ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிக்கும் சத்தமும் வந்தன. ஒரு மணி நேரம் இருபது நிமிடம். தன் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரத்தை அவன் பார்த்ததில்லை. போன் அடித்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அம்மாவை இன்னும் மயக்கத்தில் வைத்திருக்கிறோம், சரியாகிவிடுவாள், நீங்கள் அந்த மருந்தைச் சொன்னது நல்லதாகப் போயிற்று, குழந்தையின் படத்தை அனுப்புகிறேன். அவன் பதிலுக்கு என்ன சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை. தையல்கார அக்கா அழுதாள். அவனும் நூறு பேருக்கு நடுவில் வெட்கமில்லாமல் அழுதான்.

அப்போது உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்ன குழந்தை?" என்று கேட்டார் பிஸ்கட் அதிகாரி. பெண் என்றதும் மூவரும் எழுந்து கை கொடுத்தார்கள். படுக்கை அம்மாள் மறுபடி கண்ணைத் துடைத்தார். தலைவரின் கை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது, விடவும் மாட்டேன் என்றது.

"ரொம்ப சந்தோஷம்! ஆக, காத்திருத்தல் முடிஞ்சது. உங்க கடிதத்துக்கு இனி வேலை இல்லை, கோப்பை முடிச்சுட்டோம். மனு திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டதுன்னு ஆண்டறிக்கையில போட்டுக்கறோம். இந்த வருஷம் தீர்க்கப்பட்ட முதல் மனு உங்களோடதுதான்!" தலைவர் நுரை ததும்பச் சிரித்தார். "இனி அந்த இன்னொரு விஷயம். அமர்வு முன்னாலேயே ஆணையத்தை அவமதிச்சிருக்கீங்க. பதினோரு சொல். எல்லாம் சான்று பெறாத பொருள்ல. மூணு வருஷத்துக்கு நீங்க எந்த மனுவும் போட முடியாது, அதுவரைக்கும் பயண அனுமதியும் கிடையாது. குறிப்பாணை அவர்கிட்ட வாங்கிக்கங்க."

மூன்று வருடம் என்பது அவன் காதில் விழுந்தது. உடனே உள்ளே இறங்கவில்லை. ஓரத்து மேஜைக்குப் போய்க் காகிதத்தை வாங்கினான். பசைக்காரரின் அழகான, வட்டமான கையெழுத்து.

ஃபேர்: ஊசி போடுதல். பாஸே: நேரம் கழிதல். ராந்த்ர்: வாந்தி எடுத்தல். பெர்த்ர்: நினைவு இழத்தல். ப்ராந்த்ர்: கவனித்துக்கொள்ளுதல். கார்தே: மருத்துவமனையில் இருத்திக்கொள்ளுதல். அத்தாந்த்ர்: குழந்தையை எதிர்பார்த்தல்.

இப்படியே பதினொன்றும் இருந்தன. அவன் மூச்சுவிடாமல் பேசிய பேச்சிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை, ஒரு பொருள்கூட மாறவில்லை. மெக்கானிக் காகிதத்தைப் பார்த்தான், பிறகு அந்த மனிதரைப் பார்த்தான்.

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! ஆறு வருஷம் அந்த நாட்டுலதான் படிச்சேன்." தலைவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "இங்க வெளிய காட்டிக்கறதில்லை."

"அப்ப என் கடுதாசி?"

"மொத நாளே படிச்சுட்டேன் சார். மனசுக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. பாவம், அந்தப் பொண்ணு தனியாக் கிடக்குதேன்னு வீட்டுல போய்ச் சொன்னேன். என் சம்சாரம் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை."

"ஏழு வாரம்," என்றான் மெக்கானிக்.

"நான் வாசல்லயே அர்த்தம் சொல்லி அனுப்பிட்டா மேல நாலு மாடி எதுக்கு சார்?" பசைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானது. அதுதான் அருவருப்பாக இருந்தது. அவர் குறிப்பாணையின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க கையெழுத்து. போட்டாத்தான் மேல்முறையீடு பண்ணலாம்."

சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. படம் வந்திருக்க வேண்டும். அவன் கையைப் பைக்குக் கொண்டுபோய், அந்த அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, வெறுங்கையை வெளியே எடுத்தான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பேனா பிசுபிசுத்தது, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, பஸ் ஏறாமல், வீடு வரை நடந்தே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு முழங்கை வரை மூன்று தடவை கழுவினான். கையை நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மகளின் படத்தைத் திறந்து பார்த்தான்.